ஒரு மாத்திரையின் இரு வரலாறுகள்: இரைப்பை அமிலமும் கொல்கத்தாவும்

வங்க மொழியில் 'அம்பல்' என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. உணவின் இறுதியில் பரிமாறப்படும், புளிப்பும் இனிப்பும் கலந்த நீர்த்த தொடுகறி ஒன்று. உண்டபின் எழும் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் மற்றொன்று. பேச்சில் 'ஒம்பொல்' என ஒலிக்கும் இச்சொல், புளிப்பைக் குறிக்கும் 'அம்ல' என்னும் வடசொல்லின் வழிவந்தது. சங்கப் பாடல்களில் ஊரார் வாய்க்குள் முணுமுணுக்கும் பழியைக் குறிக்கும் அம்பலுக்கும் இதற்கும் உறவில்லை. தட்டில் விரும்பப்படுவதும் வயிற்றில் வெறுக்கப்படுவதும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதே இங்குக் கருதத்தக்கது.

இன்றைய கொல்கத்தாவில் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் ஒருவரின் மருந்துச் சீட்டில் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்து ஒன்று பெரும்பாலும் இடம்பெறும். சென்னையிலும் மதுரையிலும் நிலை வேறன்று. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கப்படும் அம்மாத்திரையை, ஊரறிந்த அம்பலுக்கான மருந்தாகவே வீட்டார் புரிந்துகொள்வர். நெஞ்செரிச்சல் இல்லையெனில் நிறுத்திவிடலாம் என ஒரு சாராரும், எரிச்சல் வராதிருக்க ஆண்டுக்கணக்கில் தொடரலாம் என மற்றொரு சாராரும் கருதுவதற்கு இப்புரிதலே அடிப்படை. இவ்விரு முடிவுகளும் பிழையாகக்கூடும். அம்மாத்திரைக்குப் பின்னால் இரண்டு வரலாறுகள் உள்ளன. அமிலத்தைப் பகையாகக் கண்ட அறுவை மருத்துவத்தின் வரலாறு ஒன்று. அமிலத்தைக் காவலாகக் கண்ட காலரா ஆய்வின் வரலாறு மற்றொன்று. அதன் முதன்மைக் களங்களுள் ஒன்று கொல்கத்தாவே.

அமிலம் பகையான கதை

புளிப்பு வயிற்றைக் கெடுக்கும் என்ற எண்ணம் பழமையானது. நோய்களைப் பகுத்துரைக்கும் மாதவ நிதானம் அம்லபித்தத்திற்குத் தனி இயலே ஒதுக்கியுள்ளது. சித்த மருத்துவ நூல்கள் குன்மத்தை எட்டு வகையாகப் பகுக்கின்றன. இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை இலண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் நிறுவி வெளியிட்டது 1824-இல்தான். அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே நோயின் அனுபவம் மொழியில் பதிந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் அசீரணம் படித்த நடுத்தர வர்க்கத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே பேசப்பட்டது. விவேகானந்தர் வங்காளியரின் பொரித்த உணவுப் பழக்கத்தைக் கடிந்தெழுதினார். அசீரணம் அவரையும் விட்டுவைக்கவில்லை. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய், 1874-இல் பள்ளி மாணவராக இருந்தபோது கண்ட கடும் வயிற்றுக்கடுப்பால் படிப்பை இடையில் விட நேர்ந்தது. அதன் பின் வாழ்நாள் முழுதும் அவருடைய செரிமானம் தேறவில்லை. அவர் 1892-இல் தொடங்கிய பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தின் புகழ்பெற்ற தயாரிப்புகளுள் ஒன்று 'அக்குவா டைக்கோட்டிஸ்'. ஓமத்திலிருந்து வடித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, தமிழ்நாட்டு வீடுகள் அறிந்த ஓமத்தண்ணீரின் வங்க உறவு. அது வயிற்றுப் பொருமலைத் தணிக்குமேயன்றி அமிலச் சுரப்பை நிறுத்தாது. எனினும் வயிற்றுத் தொல்லைக்குப் புட்டியில் விடை உண்டு என்ற நம்பிக்கையைக் கொல்கத்தாவின் அலமாரிகளில் அது நிலைபெறச் செய்தது. பின்னர் வந்த அமில முறிப்பான்களும் மாத்திரைகளும் அந்த அலமாரியிலேயே இடம்பிடித்தன.

அமிலம் காவலான கதை

1883 டிசம்பரில் ஜெர்மானிய ஆய்வுக்குழுவுடன் இராபர்ட் கோக் கல்கத்தாவை அடைந்தார். எகிப்தில் காலராவால் இறந்தோரின் குடலில் தாம் கண்ட கிருமியை இங்கும் கண்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அக்கிருமியைத் தூய நிலையில் வளர்த்தெடுத்த அவர், நோயுற்றோர் பயன்படுத்திய ஒரு குளத்தின் நீரிலும் அதனைக் கண்டறிந்தார். காற்புள்ளி வடிவக் கிருமியே காலராவுக்குக் காரணம் என்று 1884-இன் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து அவர் அறிவித்தார்.

ஆனால் ஓர் இடைவெளி எஞ்சியது. அக்கிருமியை உண்ட விலங்குகளுக்குக் காலரா வரவில்லை. பெர்லினுக்குத் திரும்பிய கோக், தடை எங்குள்ளது என ஆராய்ந்தார். சோடியம் கார்பனேட் கரைசலால் கினிப்பன்றிகளின் இரைப்பை அமிலத்தை முதலில் முறித்தார். அதன் பின் கிருமியைச் செலுத்தி, குடலின் அசைவைத் தணிக்க அபினிச் சாற்றையும் கொடுத்தார். அப்போது காலராவை ஒத்த நோய் தோன்றியது. இரைப்பை அமிலம் உணவைச் செரிக்கும் நீர் மட்டுமன்று, வாய்வழி வரும் கிருமிகளைத் தடுக்கும் வாயிற்காவலும் ஆகும் என்பது 1885-இல் அவர் வெளியிட்ட இச்சோதனையால் தெளிவாயிற்று.

இக்காவலின் வலிமையை எதிரணியினரும் ஏற்றனர். கிருமி மட்டுமே காலராவை உண்டாக்கிவிடாது என வாதிட்ட மியூனிக் அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், 1892 அக்டோபர் 7 அன்று தமது 73-ஆம் வயதில் காலராக் கிருமி வளர்ந்த நீரைத் தாமே பருகினார். அதனுடன் சோடா உப்பையும் சேர்த்துக்கொண்டார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என எவரும் பின்னர்ச் சொல்லாதிருக்கவே அந்த ஏற்பாடு. சில நாள் வயிற்றுப்போக்குடன் அவர் பிழைத்துக்கொண்டார். கிருமியின் பங்கு பற்றிக் கோக்கும் பெட்டன்கோஃபரும் முற்றிலும் முரண்பட்டனர். அமிலத்தின் பங்கில் முரண்படவில்லை.

இவ்வரலாறு மீண்டும் கொல்கத்தாவுக்குத் திரும்பியது. நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும் பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றிய சம்புநாத் டே, இரைப்பை என்னும் தடையை வேறு வழியில் கடந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் நேராகக் கிருமியைச் செலுத்தினார். கட்டிய பகுதி நீரால் வீங்கியது. 1953-இல் வெளிவந்த இம்முறையைக் கொண்டே, உயிருள்ள கிருமி இல்லாமல் வடிகட்டிய நீர் மட்டுமே குடலில் இவ்விளைவை ஏற்படுத்தும் என 1959-இல் அவர் நிறுவினார். காலரா நச்சு இவ்வாறு கண்டறியப்பட்டது. கிருமி குடலை எட்டினால் என்ன நிகழும் என்பதற்கு விடை கிடைத்தது. எத்தகையோரிடம் அது எளிதில் குடலை எட்டுகிறது என்ற வினா அடுத்து எழுந்தது.

கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ ஆய்வு மையத்தினர் காலரா நோயாளிகளின் இரைப்பை அமிலத்தை அளந்து 1972-இல் முடிவுகளை வெளியிட்டனர். அமிலச் சுரப்பின் குறைவு காலராவுக்கு வழிவிடுகிறது என்ற கருத்தை அவை வலுப்படுத்தின. அதற்குச் சற்று முன், 1970-இல் எருசலேமில் காலரா பரவியபோது, நோயுற்றோருள் கணிசமானோர் ஏற்கெனவே இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களாக இருந்தனர். 1974-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தன்னார்வலரிடம் நடத்திய சோதனை இதற்கு எண்ணளவில் சான்று தந்தது. சோடா உப்பு இல்லாதபோது கோடிக்கணக்கான கிருமிகளை விழுங்கியோருள்ளும் பலருக்கு நோய் வரவில்லை. சோடா உப்புடன் பத்து இலட்சம் கிருமிகளே பெரும்பாலோரை நோயில் தள்ளப் போதுமானவையாயின.

அறுவையின் வழிமரபு

அமிலத்தைப் பகையாகக் கண்ட வரலாறு இதே காலத்தில் ஐரோப்பிய அறுவைக் கூடங்களில் வளர்ந்தது. 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ராத், புற்றுநோய் கண்ட ஒருவரின் இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றி எஞ்சியதைக் குடலுடன் இணைத்தார். அதே ஆண்டில் அவருடைய மாணவர் அன்டன் வொல்ஃப்லர், இரைப்பையை நேராகச் சிறுகுடலின் இடைப்பகுதியில் இணைக்கும் முறையைக் கையாண்டார். இவ்விரு முறைகளும் பின்னர் இரைப்பைப் புண்ணுக்கும் முன்சிறுகுடல் புண்ணுக்கும் பயன்பட்டன. அமிலம் சுரக்கும் பகுதியை வெட்டி எறிவதே அன்றைய அமிலக் குறைப்பு.

அம்முறை தன்னுடன் புதியதொரு நோயையும் கொணர்ந்தது. இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் உண்டாகும் புண்ணை 1899-இல் ஜெர்மானிய மருத்துவர் பிரௌன் விவரித்தார். காரணம் எளிது. இயல்பான உடலில் அமிலம் முதலில் முன்சிறுகுடலை அடைகிறது. அங்குக் கணையத்திலிருந்து வரும் காரநீர் அதனை முறிக்கிறது. இணைப்பு வழியாக நேராக இறங்கும் அமிலமோ, அத்தகைய காப்பு இல்லாத குடற்சுவரின் மேல் விழுகிறது.

இந்தியாவில் முன்சிறுகுடல் புண் தெற்கிலும் கிழக்கிலும் மிகுதி, வடமேற்கில் குறைவு என்பதை இரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ராவும் மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவியும் 1960-களிலும் 1970-களிலும் எடுத்துக்காட்டினர். அரிசி உண்ணும் தமிழகமும் வங்காளமும் இந்நோய் வரைபடத்தில் ஒரே நிறம் பெற்றன. இரு நிலங்களிலும் ஒரு தலைமுறையினரின் வயிற்றில் காணப்படும் நீண்ட தழும்பு அக்காலத்தின் எச்சம்.

அவ்வறுவை செய்துகொண்டோர் பலர் மெலிந்தே இருந்தனர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் இதனைக் கூர்ந்து நோக்கினார். புண்ணுக்காக இரைப்பையின் பகுதியை இழந்த பெண்களின் எடை ஏறவில்லை. எனில், மிகு பருமனுக்கு இதனையே மருந்தாக்க இயலாதா? 1966-இல் அவர் செய்த முதல் இரைப்பை மாற்றுப்பாதை அறுவை இவ்வினாவின் விளைவு. எடைக் குறைப்பு அறுவை, அமிலத்தை எதிர்த்த அறுவையின் நேர்வாரிசு என்பது இதனால் புலனாகும். வாரிசுக்கு முன்னோரின் நோயும் வந்து சேர்ந்தது: இணைப்பிடத்துப் புண். மேலே எஞ்சும் இரைப்பைப் பை பெரிதாக இருந்தால் அமிலம் மிகுந்து புண்ணும் மிகும் என அறிந்த அறுவை மருத்துவர்கள் அப்பையைச் சிறிதாக்கினர். புண் குறைந்ததேயன்றி மறையவில்லை. புகைப்பழக்கம், ஆஸ்பிரின் உள்ளிட்ட சில வலி மருந்துகள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இரைப்பைக் கிருமி ஆகியவை அதனை மீண்டும் தூண்டவல்லவை.

இதற்கிடையே மருந்துகள் வந்தன. ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் விளைந்த சிமெட்டிடின் 1976-இலும், அமிலச் சுரப்பின் இறுதிப் படியையே தடுக்கும் ஒமிப்ரசோல் 1988-இலும் விற்பனைக்கு வந்தன. புண்ணுக்குப் பின்னால் கிருமி இருப்பதை 1980-களில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் இராபின் வாரனும் காட்டினர். புண்ணுக்கான பழைய அறுவை கூடங்களிலிருந்து மெல்ல விடைபெற்றது. ஆனால் அதன் வாரிசான எடைக் குறைப்பு அறுவை உலகெங்கும் பெருகியது. தாயறுவையைத் தேவையற்றதாக்கிய மருந்தே சேயறுவைக்குத் துணை மருந்தாயிற்று.

இரு வரலாறுகள் சந்திக்கும் இடம்

மாற்றுப்பாதை அறுவைக்குப் பின் தரப்படும் அமிலக் குறைப்பு மருந்தின் முதல் நோக்கம் நெஞ்செரிச்சலைத் தணிப்பது அன்று. புதிய இணைப்பு ஆறும் வரை அதனைப் புண்ணிலிருந்து காப்பதே. எரிச்சல் இல்லை என்பதால் அதனை இடையில் நிறுத்துவோர், காவல் தேவைப்படும் காலத்திலேயே காவலை விலக்குகின்றனர். இணைப்பிடத்துப் புண் சிலரிடம் வலியின்றி வளர்ந்து, குருதிக் கசிவாகவோ குடல் துளைப்பாகவோ வெளிப்படுவதுண்டு. மூன்று மாதம் என்பது பல மருத்துவமனைகளில் பரவலான கால அளவு. ஆறு மாதம் தருவோரும் உளர். புண் ஏற்பட்டபின் மருந்து உட்கொள்ளும் முறையும் பயனை மாற்றுகிறது. குளிகையைத் திறந்து உள்ளிருக்கும் மருந்தை உண்டோருக்குப் புண் ஆற இடைநிலை அளவில் 91 நாள்களும், முழுக் குளிகையை விழுங்கியோருக்கு 342 நாள்களும் ஆனதாக 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சிறுத்த இரைப்பையில் குளிகை கரைந்து பயன்தரப் போதிய நேரமும் இடமும் இல்லாமையே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எந்த மருந்தின் குளிகையை, எவ்வாறு திறந்து உண்ணலாம் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.

இரைப்பையின் பெரும்பகுதியை நெடுக வெட்டி, குழாய் போன்ற பகுதியை மட்டும் விட்டுவைக்கும் மற்றோர் அறுவையில் நிலை வேறு. அங்கு இணைப்பு இல்லை. ஆனால் குழாய்க்குள் அழுத்தம் மிகுவதால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறலாம். பின்லாந்தில் நடந்த பத்தாண்டு ஒப்பாய்வில், குழாய் முறை அறுவை செய்துகொண்டோருள் 31 விழுக்காட்டினரிடமும் மாற்றுப்பாதை முறையினருள் 7 விழுக்காட்டினரிடமும் உணவுக்குழாய் அழற்சி காணப்பட்டது. இத்தகையோருள் சிலருக்கு மருந்து நீண்டகாலம் தேவைப்படுவது இயல்பே.

தேவை முடிந்த பின்னும் தொடர்வதற்கு விலை உண்டு. அவ்விலை எடைக் குறைப்பு அறுவை செய்தவருக்கு இருமடங்காகிறது. உணவில் புரதத்துடன் பிணைந்திருக்கும் பி12 உயிர்ச்சத்தை விடுவிக்க அமிலம் வேண்டும். இரும்புச்சத்தைக் கரைக்கவும் கால்சியம் கார்பனேட்டை உடலேற்கவும் அமிலம் வேண்டும். அறுவை இவ்வழிகளை முன்பே சுருக்கிவிட்டது. மருந்து எஞ்சியதையும் சுருக்குகிறது. பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிக்கப்படுவதால், குறைபாடு உடனே தெரிவதில்லை. கால் மரத்துப்போதலும் நடைத் தள்ளாட்டமும் வெளிப்படும்போது நரம்பு ஏற்கெனவே நலிந்திருக்கும். மீனின்றி உணவில்லை எனும் வங்காளத்தில், பி12 நிறைந்த மீனை நாள்தோறும் உண்பவரும் இதற்கு விலக்கில்லை. உணவில் உள்ளது உடலில் சேரும் வழியே மாறிவிட்டது.

காவலை இழப்பதன் விலையும் உண்டு. அமிலக் குறைப்பு மருந்துகளுடன் குடல் தொற்றுகள் மிகுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. மழைக்காலத்தில் கழிவுநீரும் குடிநீரும் கலக்க வாய்ப்புள்ள நகரில் இவ்வெச்சரிக்கை கூடுதல் பொருள் பெறுகிறது. காலராவையும் பிற குடல் நோய்களையும் ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று பெலியாகாட்டாவில் இன்றும் இயங்குகிறது என்பதே அந்நோய்கள் பழங்கதையாகிவிடவில்லை என்பதற்குச் சான்று. கினிப்பன்றிக்குக் கோக் செய்ததையும் தமக்குத் தாமே பெட்டன்கோஃபர் செய்துகொண்டதையும் இம்மாத்திரை நாள்தோறும், ஓசையின்றி, நீண்ட நேரத்திற்குச் செய்கிறது. ஆகவே மருந்தை உட்கொள்ளும் காலத்தில் கொதித்தாறிய நீரும் சூடான உணவும் வெறும் பாட்டி வைத்தியம் ஆகா.

நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீண்டநாள் அடக்கப்பட்ட சுரப்பு, மருந்தை நிறுத்தியதும் சில வாரங்கள் முன்னினும் மிகுதியாகப் பொங்கும். நெஞ்செரிச்சல் அறவே இல்லாத நலமான தன்னார்வலர்களுக்கு இரண்டு மாதம் மருந்து கொடுத்து நிறுத்தியபோது அவர்களுள் பலருக்கு எரிச்சல் தோன்றியதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டனர். அவ்வெரிச்சலை அம்பல் திரும்பிவிட்டது எனக் கொண்டு மீண்டும் மருந்துக்கடைக்குச் செல்பவர், மருந்து விளைவித்த ஒன்றுக்கு அதே மருந்தை வாங்குகிறார். மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்பது இவ்வலைச்சலைத் தவிர்க்க உதவும்.

அம்பல் என்ற ஒரே சொல் உணவையும் நோயையும் சுட்டுவது போல, இரைப்பை அமிலமும் ஒரே நேரத்தில் பகையும் காவலும் ஆகிறது. எது எப்போது என்பதைச் சொல் தீர்மானிக்காது. அறுவையின் வகையும் அறுவைக்குப் பின் கழிந்த காலமும் தீர்மானிக்கும். மருந்துக்கடை அலமாரியின் நீண்ட வரலாறு மாத்திரையை வாங்கப் பழக்கியிருக்கிறது. நிறுத்தும் நாளைக் கேட்கப் பழக்கவில்லை. எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் எழுதப்படும் சீட்டில் தொடங்கும் நாளுக்கு அருகே மறுபரிசீலனை நாளும் இருக்க வேண்டும். அது இல்லையெனில், 'எதற்காக, எதுவரை' என்று கேட்கும் உரிமை சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு உண்டு.